லைன் க்ளியர் கேட்டீர்களா?

நம் சங்கத்தின் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், மலருக்கு உங்கள் கட்டுரை ஒன்று வேண்டும். அரசியல், டி.வி., பாட்டு, சினிமா என்று எது வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆனால் சண்டை வராமல் எழுதுங்கள்" என்றார்.

அரசியலைப் பற்றிச் சண்டை வராமல் எழுதுவது, மழைக்காலத்தில் பூமிக்கடியில் போட்ட கேபிள் பழுதாகாமல் இருப்பது போன்றது. முப்பத்தேழு வருட ரயில்வே உத்தியோகத்தில் அப்படி ஒரு அதிசயத்தை நான் கண்டதில்லை. இருந்தாலும் செயலாளர் கேட்டுவிட்டார். சங்கத்தின் பொங்கலைச் சாப்பிட்டவன், மறுக்கலாமா?

என்னைப் பற்றி இரண்டு வரி. சோழவந்தானில் பிறந்து, மதுரையில் டிப்ளமா படித்து, 1982-ல் மத்திய ரயில்வேயின் சிக்னல், தொலைத்தொடர்பு இலாகாவில் சேர்ந்தவன். இட்டார்சி, ஆம்லா, நாக்பூர் என்று உருண்டு 2019-ல் ஓய்வு பெற்றேன். நான் பட்டதாரி அல்ல, எழுத்தாளனும் அல்ல. ஒரு இடத்தில் சொன்ன சொல் இன்னொரு இடத்துக்குக் குறையாமல், கூடாமல், மாறாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் சம்பளம் வாங்கியவன். அந்தக் கண்ணாடி வழியாகத்தான் எனக்கு இன்றைய செய்தியும் சினிமாவும் பாட்டும் தெரிகின்றன. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரகரப்புக்கு நடுவே தமிழ்

ஊரை விட்டு முதன்முதலில் வடக்கே வந்தவர்களுக்குத் தெரியும், தமிழ்க் குரலுக்கு எப்படி ஏங்குவோம் என்று. இட்டார்சியில் எனக்கு ரயில்வே கொடுத்தது ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ். சொத்து என்று ஒரு இரும்புப் பெட்டி, ஒரு பம்ப் ஸ்டவ், ஒரு டிரான்சிஸ்டர். டில்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்திக்காகக் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருகுவேன். கரகரப்புக்கு நடுவே 'ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது' என்று சரோஜ் நாராயண்சுவாமி அவர்களின் குரல் கணீரென்று வரும். அந்த அம்மையார் 2022 ஆகஸ்டில் மும்பையில் காலமானபோது, நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத அவருக்காக என் வீட்டில் இரண்டு பேர் கண் கலங்கினோம்.

நான் சிறுவனாக இருந்தபோது சோழவந்தானில் இலங்கை வானொலிதான் ராஜா. இட்டார்சிக்கு அது எட்டாது. எட்டும் இரவுகளில் தூக்கம் கிடையாது. பி.பி.சி. தமிழோசையும் அப்படித்தான். அதன் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று நின்றுபோனது.

இதையெல்லாம் சொல்வதால் 'அந்தக் காலம் பொற்காலம்' என்று புலம்புகிறவனாக என்னை எண்ணிவிடாதீர்கள். 1984 அக்டோபர் 31-ம் தேதி இந்திரா காந்தி அம்மையார் சுடப்பட்டபோது, அவர் இறந்ததை பி.பி.சி. சொல்லி, ஊரெல்லாம் பேசிக்கொண்ட பிறகு, மாலையில்தான் ஆகாசவாணி உறுதி செய்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் பத்திரிகைகள் என்ன பாடு பட்டன என்பதும் என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அன்றைக்கு ஒரே ஒரு குழாய். அதை ஒருவர் திருகி மூடிவிடலாம். இன்றைக்கு ஆயிரம் குழாய். எதில் வருவது குடிநீர், எதில் வருவது சாக்கடை என்பதுதான் தெரியவில்லை.

போபால் பதில் சொல்லவில்லை

ரயில்வேயில் 'லைன் க்ளியர்' என்று ஒரு சமாசாரம் உண்டு. ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை விட வேண்டுமானால், இந்த ஸ்டேஷன் மாஸ்டர் நினைத்தால் போதாது. 'பாதை காலி, அனுப்பலாம்' என்று அந்த ஸ்டேஷன் மாஸ்டர் சொல்ல வேண்டும். அதற்கென்றே கருவி இருக்கிறது. கருவி பழுதானால் தொலைபேசியில் கேட்கலாம். ஆனால் வெறும் வாய்ப்பேச்சு செல்லாது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் 'பிரைவேட் நம்பர்' அச்சிட்ட தாள் இருக்கும். சொன்ன சொல்லுக்கு அத்தாட்சியாக அதிலிருந்து ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு, அதை அடித்துவிட வேண்டும். கேட்டவர் அந்த எண்ணை ரெஜிஸ்டரில் எழுதிக்கொள்வார். நாளைக்கு 'நான் சொல்லவே இல்லை' என்று இருவரில் யாரும் நழுவ முடியாது.

இன்னொன்றும் உண்டு. பழைய கைகாட்டி மரத்தின் கம்பி அறுந்துபோனால், எடைக்கட்டை அந்தக் கையைத் தானாகவே 'நில்' என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிடும். சந்தேகம் வந்தால் சிவப்பு. எங்கள் இலாகாவின் வேதமே இதுதான்.

இந்த வேதத்தின் அருமை எனக்குப் புரிந்தது 1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு. இட்டார்சிக்கும் போபாலுக்கும் சுமார் 90 கிலோமீட்டர். நள்ளிரவு தாண்டிக் கலாசி வந்து கதவைத் தட்டினார். "சாப், போபால் லைனில் யாரும் பேசவில்லை" என்றார். கேபிள்தான் போய்விட்டது என்று நினைத்து, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஓடினேன். சோதித்துப் பார்த்தேன். லைன் நன்றாகவே இருந்தது. மறுமுனையில் பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து விஷவாயு கசிந்து ஊரையே மூடிவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த இரவில் போபால் ஸ்டேஷனில் துணை ஸ்டேஷன் சூப்பரின்டெண்டென்டாகப் பணியில் இருந்தவர் குலாம் தஸ்தகீர். நடைமேடையில் நின்ற கோரக்பூர் எக்ஸ்பிரஸைப் புறப்படும் நேரத்துக்கு முன்பே அனுப்பிவைத்தார். விதிஷா, இட்டார்சி போன்ற ஸ்டேஷன்களுக்குச் சொல்லி, போபாலுக்கு வரும் வண்டிகளை நிறுத்தச் செய்தார். எத்தனை ஆயிரம் பேர் அந்த இரண்டு முடிவுகளால் பிழைத்தார்களோ! அவருடன் பணியில் இருந்த ரயில்வே ஊழியர்கள் பலர் மாண்டார்கள். அவரும் அந்த விஷத்தின் பாதிப்போடு வாழ்ந்து 2003-ல் காலமானார். சரியான செய்தி சரியான நேரத்தில் சரியான ஆளிடம் போனால் உயிர் பிழைக்கும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

திரையில் வந்த ரயில்வேக்காரர்

இந்தச் சம்பவத்தை வைத்து, 2023 நவம்பரில் நெட்பிளிக்ஸில் 'தி ரயில்வே மென்' என்று நான்கு பகுதிகளாக ஒரு ஹிந்தித் தொடர் வந்தது. மகன் பூனாவிலிருந்து வந்திருந்தபோது தன் கணக்கில் போட்டுக் காட்டினான். கே.கே. மேனன் ஸ்டேஷன் மாஸ்டராக நடித்திருக்கிறார். ரயில்வே உயர் அதிகாரியாக வருபவர் நம் மாதவன். 'நம்' என்று உரிமையோடு சொல்வதற்குக் காரணம், அவர் ஜாம்ஷெட்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. நம் வீட்டுப் பிள்ளைகளைப் போலவே வெளியில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று வளர்ந்தவர்.

தொடரில் பெயர்களை மாற்றியிருக்கிறார்கள். கற்பனைப் பாத்திரங்களையும் சேர்த்திருக்கிறார்கள். சிக்னல்காரன் கண்ணுக்குச் சில இடங்கள் உறுத்தத்தான் செய்தன. ஆனாலும் ஒரு காட்சியில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்க, எடுக்க ஆள் இல்லாமல் கிடந்தபோது, நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். மகன் பின்னாலேயே வந்து, "என்னப்பா?" என்றான். நாற்பது வருடமாக அவனிடம் சொல்லாத கதையை அன்றைக்குத்தான் சொன்னேன். நல்ல படம் செய்கிற வேலை இது. அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவே அடைத்துக் கிடந்த லைனைத் திறந்துவிடுகிறது.

ஒரு காலத்தில் தமிழ்ப்படம் பார்ப்பதற்கு நாம் பட்ட பாடு இளையவர்களுக்குத் தெரியாது. ஞாயிறு மதியம் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படம் போடுவார்கள். பெங்காலி, மலையாளம், ஒரியா எல்லாம் வந்துபோய், தமிழின் முறை வர மாதக்கணக்கில் காத்திருப்போம். வருகிற அன்று பார்த்து மின்சாரம் போய்விடும். 1993 ஏப்ரல் 14-ல் சன் டி.வி. தொடங்கியது. அது எங்கள் பேட்டைக்கு வருவதற்காகப் பதினான்கு தமிழ்க் குடும்பங்கள் கையெழுத்துப் போட்டுக் கேபிள்காரரிடம் மனுக் கொடுத்தோம். அவர், "பதினான்கு வீட்டுக்காகவா?" என்று சிரித்தார். என் மனைவி அவர் வீட்டுக்கே போய், அவருடைய அம்மாவுக்கு இட்லியும் சாம்பாரும் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த வாரம் சானல் வந்துவிட்டது!

இன்றைக்கு எல்லாம் கையடக்கத்தில் வந்துவிட்டது. எங்கள் தெரு மராத்திக்காரரும் பீகார்க்காரரும் தமிழ்ப்படத்தை ஹிந்தியில் பார்க்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை. 2021 நவம்பரில் 'ஜெய் பீம்' வந்தது. நீதிபதி சந்துரு அவர்கள் வழக்கறிஞராக இருந்தபோது, ஏழைப் பெண் ஒருவருக்காக நடத்திய வழக்கை அடிப்படையாகக் கொண்ட படம். அதில் ஹிந்தியில் பேசும் ஒருவரைப் பிரகாஷ்ராஜ் கன்னத்தில் அறைந்து, தமிழில் பேசச் சொல்வார். அதையே ஹிந்திப் பதிப்பில் 'உண்மையைப் பேசு' என்று மாற்றியிருந்தார்கள். பக்கத்து வீட்டு நண்பர் ஹிந்தியில் பார்த்துவிட்டு, "அருமையான படம், ஆனால் அந்த அறை எதற்கென்று ஏன் இத்தனை சண்டை?" என்று கேட்டார். நான் தமிழில் என்ன இருக்கிறது என்பதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "படம் முழுக்கப் போலீஸ் அடி வாங்கிய அந்த ஏழைக்காக அழுதேன். இந்த ஒரு அடிக்காக அதை மறக்க மாட்டேன்" என்றார். டி.வி.யில் இரண்டு நாள் கூச்சல் போட்ட பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் இந்தப் பக்குவம் வரவில்லை.

தேவநாகரியில் எழுதிய தமிழ்ப் பாட்டு

அடுத்தது பாட்டு. 'அன்னக்கிளி' 1976-ல் வந்தபோது எனக்கு வயது பதினேழு. சோழவந்தான் டீக்கடைகளில் அந்தப் பாட்டுகள் ஒலித்த விதத்தை இன்றும் மறக்க முடியவில்லை. அந்த இளையராஜா 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். 1992-ல் 'ரோஜா' வந்து, ஹிந்தியிலும் ஓடியபோது, அலுவலகத்தில் என் பெயர் தெரியாதவர்கள்கூட "உங்கள் ரஹ்மான்" என்று வந்து கை குலுக்கினார்கள். அவருக்கும் எனக்கும் என்ன உறவு? இருந்தாலும் 'ஆமாம், எங்கள் ரஹ்மான்தான்' என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். 2009-ல் ஆஸ்கர் மேடையில் அவர் தமிழில் ஒரு வாக்கியம் பேசியபோது இங்கே எங்கள் வீட்டில் பாயசம்.

வாணி ஜெயராம் அம்மையாரை எண்ணிப் பாருங்கள். வேலூரில் பிறந்து, வங்கியில் வேலை பார்த்து, திருமணமாகி மும்பைக்கு வந்து, 1971-ல் 'குட்டி' என்ற ஹிந்திப் படத்தில் பாடி வடநாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவர். வாழ்க்கைப்பட்டு வந்த ஊரின் மொழியைச் சுத்தமாக உச்சரித்தார். பிறந்த மண்ணின் மொழியையும் விடவில்லை. பத்மபூஷண் அறிவிப்பு வந்த சில நாட்களில், 2023 பிப்ரவரி 4 அன்று, மறைந்துவிட்டார். நமக்கெல்லாம் அவர்தான் நல்ல முன்மாதிரி.

என் மருமகள் மராத்திப் பெண். தங்கமானவள். ஒன்பது வயதுப் பேத்திக்கு நான் பாதி நேரம் 'தாத்தா', பாதி நேரம் 'ஆஜோபா'. தமிழ் புரியும், வாயில் வராது. ஆனால் தமிழ் சினிமாப் பாட்டு என்றால் மட்டும் மடமடவென்று வரும். போன முறை நம் சங்க விழாவில் பாடுவதற்காக ஒரு பாட்டை எழுதி வைத்திருந்தாள். தாளை வாங்கிப் பார்த்தேன். தமிழ் வரிகள் அத்தனையும் தேவநாகரி எழுத்தில்! 'ழ' வருகிற இடமெல்லாம் 'ல' போட்டிருந்தாள். முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு யோசித்தேன். வண்டி வந்துவிட்டது, தண்டவாள அகலம்தான் வேறு. மாற்றிப் போடலாமே!

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வீடியோ அழைப்பில் வகுப்பு. ஒரு பாட்டு, அதில் பத்துச் சொல். பொருள் சொல்லிவிட்டு, தமிழ் எழுத்தில் எழுதச் சொல்வேன். என் மனைவி பின்னாலிருந்து ராகத்தைத் திருத்துவாள். சில பாட்டுகளுக்குப் பொருள் சொல்லப் போய் நானே திணறி, "இது பெரியவர்கள் பாட்டு, அடுத்ததைப் பாடு" என்று தப்பித்ததும் உண்டு. இப்போது 'மழை', 'வாழை' இரண்டையும் சரியாக எழுதுகிறாள். வாய் இன்னும் 'மலை' என்றுதான் சொல்கிறது. விடுங்கள், வந்துவிடும்.

எட்டுக் கட்டமும் ஒரு கூச்சலும்

இனி செயலாளர் பயந்த பகுதி.

இரவு எட்டு மணிக்கு டி.வி.யைப் போட்டால் எட்டுக் கட்டத்தில் எட்டுத் தலைகள். எட்டும் ஒரே நேரத்தில் பேசுகின்றன. எங்கள் பாஷையில் இதற்கு 'கிராஸ் டாக்' என்று பெயர். ஒரு ஜோடிக் கம்பியில் போகும் பேச்சு இன்னொரு ஜோடியில் கலந்து கேட்பது. எங்கள் காலத்தில் அப்படி வந்தால் சீர் செய்ய ஆள் அனுப்புவோம். இவர்கள் அதையே நிகழ்ச்சி என்று நடத்துகிறார்கள். ஹிந்தியில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். நம் தமிழில் கட்சிக்கு ஒரு சானல். ஒரே பொதுக்கூட்டம் ஒரு சானலில் மனிதக் கடல், மற்றொன்றில் காலி நாற்காலி. இரண்டும் ஒரே மைதானம்தானா என்று மனைவி கேட்கிறாள்.

2024 மக்களவைத் தேர்தலில் வாக்குப்பதிவு முடிந்த ஜூன் 1-ம் தேதி, பெரும்பாலான கருத்துக்கணிப்புகள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் என்று அடித்துச் சொன்னன. ஜூன் 4-ல் வந்தது 293. அதில் பா.ஜ.க.வுக்கு 240. 2004-லும் கணிப்புகள் இப்படித்தான் கவிழ்ந்தன. கணிப்பு தவறுவது குற்றமல்ல, கருவி என்றால் பழுதாகத்தான் செய்யும். ஆனால் எங்கள் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சிக்னல் பழுதுகளைக் குறிக்க ஒரு ரெஜிஸ்டர் உண்டு. எத்தனை மணிக்குப் பழுது, என்ன காரணம், எப்போது சரி செய்யப்பட்டது, யார் கையெழுத்து, எல்லாம் அதில் இருக்கும். எந்த டி.வி.க்காரராவது அப்படி ஒரு ரெஜிஸ்டர் வைத்திருக்கிறாரா? நேற்றுச் சொன்னது தவறு என்று இன்று அதே உரத்த குரலில் சொன்னவர் உண்டா?

ஊருக்கு உபதேசம் செய்கிறானே, இவன் யோக்கியமா என்று கேட்பீர்கள். நியாயம். என் ரெஜிஸ்டரையும் திறக்கிறேன்.

2020-ல் ஊரடங்கு நேரம். ஒரு நாள் காலை, புகழ்பெற்ற பின்னணிப் பாடகி ஒருவர் காலமாகிவிட்டார் என்று என் கைப்பேசியில் செய்தி வந்தது. கூடவே அழகான படம், ஊதுவத்தி, மலர்மாலை. மனம் கனத்தது. உடனே நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். போட்டதோடு விட்டேனா? இரண்டு வரி இரங்கலும் சொந்தமாக எழுதினேன்! இருபது நிமிடத்தில் எண்பது வயதைத் தாண்டிய நம் சங்க மூத்தவர் ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, யார் சொன்னாங்க உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. யார் அனுப்பியது என்று தெரியும், யார் சொன்னது என்று தெரியாது. அந்த அம்மையார் நலமாக இருக்கிறார் என்று மத்தியானம் செய்தி வந்தது. நான் போட்டதை அழித்தேன். ஆனால் அதற்குள் அது எத்தனை ஸ்டேஷன் தாண்டிப் போயிருக்கும்!

இதற்குத் தண்டனை பிறகு வந்தது. அதே வருடம் செப்டம்பர் 25 அன்று எஸ்.பி. பாலசுப்ரமணியம் மறைந்த செய்தி வந்தபோது, நான் சமையலறை வாசலில் போய் நின்று மனைவியிடம் சொன்னேன். அவள் திரும்பிப் பார்த்து, "இதாவது நிஜமா?" என்றாள். முப்பத்தைந்து வருட மண வாழ்க்கையில் அவள் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை.

எருமையின் பெயர் என்ன?

இப்போது சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத ஒப்புக்கொண்டேன்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், முன்னே சொன்னேனே, அவர் பீகார்க்காரர். ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர் சாப்', அவருக்கு நான் 'இஞ்சினியர் சாப்'. அவருடைய தம்பி மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான். "என் பிள்ளைக்கு உங்கள் ஊர் சோறு போடுகிறது, உங்களுக்கு எங்கள் பக்கம் சோறு போட்டது. கணக்கு நேர்" என்று சிரிப்பார்.

2023 மார்ச் முதல் வாரம். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தேடித் தேடி அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. பீகார் சட்டசபையிலேயே அமளி. ஓரிரவு மாஸ்டர் சாப் எங்கள் கதவைத் தட்டினார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கைப்பேசியை நீட்டினார். யாரோ யாரையோ வெட்டுகிற காட்சி. பார்க்க முடியவில்லை. "உங்கள் ஆட்கள் செய்வதைப் பார்த்தீர்களா? பையன் போன் இரண்டு நாளாக அணைந்து கிடக்கிறது" என்றார். குரல் நடுங்கியது.

'உங்கள் ஆட்கள்.' நாற்பது வருடம் இந்தப் பக்கத்தில் வாழ்ந்தவனுக்கு அந்த ஒரு சொல் என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். மறுநாள் அவர் வீட்டு ஜன்னல் எங்கள் பக்கம் சாத்தியிருந்தது. பூங்காவில் நான் உட்காரும் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. என் மனைவி, "இரண்டு நாளைக்குக் கடைக்குத் தனியாகப் போக வேண்டாம்" என்று என்னிடம் சொன்னாள். அவர்களுடைய பயம் திருப்பூரைப் பற்றி. எங்களுடைய பயம் எங்கள் தெருவைப் பற்றி. ஒரே பொய் இரண்டு வீட்டிலும் அடுப்பை அணைத்துவிட்டது.

தமிழ்நாட்டுப் போலீஸ் தலைவராக இருந்த சைலேந்திரபாபு அவர்கள், பரவும் வீடியோக்கள் பொய்யானவை என்று அறிவித்தார். அவர் குறிப்பிட்ட இரண்டில் ஒன்று, திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களே இரு பிரிவாக மோதிக்கொண்ட பழைய தகராறு. மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. தமிழ்நாட்டுப் போலீஸ் ஹிந்தியிலும் விளக்கம் வெளியிட்டது. ஹோலிக்காக ஊருக்குப் போகும் வழக்கமான கூட்டத்தை, உயிருக்குப் பயந்து ஓடும் கூட்டம் என்று காட்டியிருந்தார்கள். ஆனால் தூக்கமில்லாத ஒரு பெரியப்பாவுக்கு அறிக்கை போதுமா?

திருப்பூரில் இருக்கும் என் அக்கா மகனைக் கூப்பிட்டேன். "மாமா, இங்க ஒண்ணுமே இல்லை. நான் வேணும்னா நேர்லயே போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றான். சாயங்காலம் ஸ்கூட்டரில் தேடிப் போய், பையன் தங்கியிருந்த அறையைக் கண்டுபிடித்தான். பையனின் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து பழுதாகியிருந்தது, அவ்வளவுதான். தன் போனிலிருந்தே அவனைப் பேச வைத்தான். நான் என் போனை எடுத்துக்கொண்டு மாஸ்டர் சாப் வீட்டுக்கு ஓடினேன்.

அவர் காதில் வைத்தார். பையனைப் பார்த்து இரண்டு வருடமாகிறது. எண் வேறு, தொண்டை கட்டியிருந்த குரல் வேறு. அவர் முகத்தில் சந்தேகம் போகவில்லை. அப்புறம் அந்தப் பழைய ஸ்டேஷன் மாஸ்டர் விழித்துக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்து, "நீ அவன்தான் என்றால் சொல், நம் வீட்டு எருமையின் பெயர் என்ன?" என்று கேட்டார்.

எதிர்முனையில் ஒரு கணம் மௌனம். பிறகு பையன் சொன்னது எனக்கும் கேட்டது: "எந்த எருமை, பெரியப்பா? அதைத்தான் போன தீபாவளிக்கே விற்றுவிட்டீர்களே!"

மாஸ்டர் சாப் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இஞ்சினியர் சாப், பிரைவேட் நம்பர் கிடைத்துவிட்டது" என்றார். சிரித்தார், சிரிக்கும்போதே அழுதார். அந்த அம்மா உள்ளேயிருந்து டீ கொண்டுவந்தார். மூன்று பேரும் ஒன்றும் பேசாமல் குடித்தோம்.

மறுநாள் காலை அவர் பூங்காவுக்கு வந்து, எல்லோர் முன்னாலும் என் பெஞ்சில் உட்கார்ந்தார். தான் அந்த வீடியோவை எத்தனை பேருக்கு அனுப்பினாரோ அத்தனை பேருக்கும் 'நான் அனுப்பியது பொய், மன்னியுங்கள்' என்று தனித்தனியாக எழுதியதாகச் சொன்னார். முப்பத்தொரு பேர். என் பாடகி கதையை நானும் அவரிடம் சொன்னேன். அந்த வருட ஹோலிக்கு அவர் வீட்டுக் குஜியா எங்கள் வீட்டிலும், எங்கள் வீட்டு முறுக்கு அவர் வீட்டிலும் இருந்தன.

சொல்ல விரும்புவது

யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எந்தத் தலைவர் நல்லவர் என்றும் சொல்ல மாட்டேன். நம் சங்கத்திலேயே எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறோம். ஒரே பந்தியில் சாப்பிடுகிறோம். அது தொடரட்டும்.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். சென்னையில் ஒருவர் மேடையில் பேசிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார். பாட்னாவில் இன்னொருவர் பேசிவிட்டுப் போய்விடுவார். இரண்டு பேச்சுக்கும் விலை கொடுப்பவர்கள், திருப்பூரில் இருக்கும் அவர்கள் பிள்ளையும் நாக்பூரில் இருக்கும் நாமும்தான். வெளியூரில் பிழைக்கிறவனுக்கு வதந்தி என்பது பொழுதுபோக்கு அல்ல.

அதனால் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தால், அடுத்தவருக்குத் தள்ளும் முன்பு அடுத்த ஸ்டேஷனைக் கேளுங்கள். அந்த ஊரில் நமக்குத் தெரிந்தவர் ஒருவர் இல்லாமலா போவார்? யார் சொன்னது, எப்போது எடுத்தது, அத்தாட்சி என்ன என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கையை 'நில்' நிலையிலேயே வைத்திருங்கள். தாமதமாகப் போன வண்டியால் யாரும் செத்ததில்லை.

பிள்ளைகளுக்குப் பாட்டைக் கொடுங்கள். பொருளோடு கொடுங்கள். நல்ல படத்தை அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். முடிந்தால் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிடுங்கள்.

செயலாளர் அவர்களே, சண்டை வராமல் எழுதியிருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன். வந்தால் என் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். மாஸ்டர் சாபும் இருப்பார். டீ போட்டுப் பேசித் தீர்த்துக்கொள்கிறோம்.